காத்து கம்மியா இருக்கே!

நிறுத்திவைத்த சைக்கிளைக் கண்டால் நம் ஊரில் யாரும் சும்மா கடந்து போவதில்லை. கட்டை விரலால் பின் டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். வண்டிக்காரன் பக்கத்தில் நிற்கிறானா, அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியாது. என் மலை சைக்கிளைக் கேபிள் டிவிக்காரர், கரண்டு ரீடிங் எடுக்க வருபவர், எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்த ஜோசியர், முட்டிவலியால் குனியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் மாமியார் என்று பலரும் அமுக்கியிருக்கிறார்கள். எல்லோருடைய தீர்ப்பும் ஒன்றுதான். "காத்து கம்மியா இருக்கே!"

கம்மியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். சாதா சைக்கிளின் டயர் ஒல்லி, ஓடுவது தார் ரோட்டில், பின்னால் கேரியரில் ஒரு மூட்டை அரிசி. அதற்குக் காற்று கெட்டியாக இருந்தால்தான் நல்லது. மலை சைக்கிளின் டயர் இரண்டேகால் இஞ்ச் அகலம். அது போகிற பாதையில் கல்லும் வேரும்தான் அதிகம், பாதை குறைவு. டயர் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியும் ஆளும் சேர்ந்து எம்பிக் குதிக்க வேண்டும். எம்பியதற்கெல்லாம் முதுகெலும்பு சாயங்காலம் கணக்குக் கேட்கும். கொஞ்சம் தளர்த்திவிட்டால் கல்லுக்குத் தகுந்தபடி டயரே அமுங்கிக்கொடுக்கும். மண்ணில் படுகிற பரப்பும் கூடுவதால் பின்சக்கரம் சறுக்காமல் ஏறும்.

70, 75 கிலோ ஆளுக்கு, ட்யூப் போட்ட டயர் என்றால் முன்னால் 28, பின்னால் 30 பவுண்டு போட்டு ஆரம்பிக்கலாம். ட்யூப்லெஸ் என்றால் அதிலும் நாலைந்து குறைக்கலாம். தார் ரோட்டிலேயே மலை ஏறப் போகிறீர்கள் என்றால் பத்து கூட்டிக்கொள்ளுங்கள். ரொம்பவும் இறக்கிவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்று அதற்குப் பெயர். டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண் "இதற்கு மேல் போகாதே" என்கிற எல்லை. நம் காற்றுக்கடைகளில் அதை "இதுவரைக்கும் அடி" என்று படிக்கிறார்கள்.

நாலாயிரம் ரூபாய்க்குப் புது டயர் வாங்கும் முன்னால், இருக்கிற டயரில் நாலு பவுண்டைக் குறைத்துவிட்டு ஒரு சுற்று போய்ப் பாருங்கள். காற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இந்த விளையாட்டில் வண்டியை ஓட வைப்பதும் ஆளைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் காசு பெறாத சமாச்சாரங்கள்தான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் என் மைத்துனன்.

மாப்பிள்ளை (வீட்டில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை) சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். சேலத்தில் இருக்கிற கூரியர் பையன்கள் அத்தனை பேருக்கும் அவன் வீட்டு நாயின் பெயர் தெரியும். அவ்வளவு பார்ட்ஸ் வருகிறது. மலை ஏற முடியவில்லை என்றால் அவனைப் பொறுத்தவரை அது பார்ட்ஸ் கோளாறு.

அவன் புது வண்டி வாங்கிய வாரம் ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். விரல் வழக்கப்படி டயருக்குப் போனது. அதை விட்டுவிடுவோம்.

"என்ன வெலைங்க தம்பி?"

மாப்பிள்ளை பாதி விலையைச் சொன்னான். அதற்கே அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கியரு எத்தனைங்க?"

"பன்னண்டுங்க."

"எம் பேரன் வண்டியிலயே இருவத்தொண்ணு இருக்குதுங்களே. ஒம்பதாயிரந்தான் ஆச்சு. ஸ்டாண்டு எங்கீங்க?"

"ஸ்டாண்டு வராதுங்க."

"கேரியரு?"

"வராதுங்க."

"மட்கார்டு, பெல்லு?"

"எதுவுமே வராதுங்கய்யா," என்றான் மாப்பிள்ளை பெருமையாக. "பெடல்கூடத் தனியாத்தான் வாங்கி மாட்டினேன்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சீட்டாச்சும் குடுத்தானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீயை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை சொன்னது பொய் இல்லை. மேல் விலை வண்டிகள் பல பெடல் இல்லாமல்தான் வருகின்றன. ஷூவோடு மாட்டிக்கொள்ளும் பெடல் வேண்டுமா, தட்டைப் பெடல் வேண்டுமா என்று ஓட்டுகிறவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். கியர் விஷயத்தில் பெரியவர் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று பெருக்கி 21 கியர் என்பார்கள். அதில் பாதி ஒன்றையொன்று காப்பியடித்தவை. இப்போதைய வண்டிகளில் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு. சின்னதில் 10 பல், பெரியதில் 51 பல். ஒரு லிவர் மிச்சம், முன்பக்கத்துக் கியர் மாற்றி மிச்சம், பழுதாக ஒரு சாமான் குறைச்சல். குறைந்ததற்குத்தான் காசு. முன்னால் 32 பல் போட்டு, பின்னால் அந்த 51-க்கு வந்துவிட்டால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. எவ்வளவு செங்குத்தானாலும் ஏறிவிடலாம். என்ன, விறகுச் சுமையோடு நடந்து போகிற பாட்டி நம்மைத் தாண்டிப் போவார்.

சேலத்தில் மலை சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மலையைவிடப் பெரிய எதிரி தரையோடு தரையாக மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கிறது. கஞ்சமலை அடிவாரம், ஜருகுமலைப் பாதை, கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை, எங்கே போனாலும் நெருஞ்சி. சங்கப் புலவர்கள் அதன் பூவை மெச்சியிருக்கிறார்கள். பூ முள்ளாவதைப் பற்றி அவர்களுக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. அவர்களிடம் சைக்கிள் டயர் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகப் பாடியிருப்பார்கள். இதே செடி அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களிலும் பரவி, அங்கே ஆட்டுத்தலை என்று பெயர் வாங்கி, அந்த ஊர் சைக்கிள்காரர்களிடமும் தினமும் திட்டு வாங்குகிறது. காய் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானம் பார்த்து நிற்கும்.

இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, ட்யூபே இல்லாமல் டயருக்குள் சீலன்ட் ஊற்றுவது. ரப்பர் பால்தான் அதில் முக்கியம். முள் குத்தினால் காற்றோடு அதுவும் ஓட்டைக்கு ஓடிவந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கொஞ்சம் சீறும், பிறகு அடங்கிவிடும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் உள்ளேயே காய்ந்துபோகும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சீலன்ட் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு வைத்தியம் எங்கள் தெருமுனை சைக்கிள்கடை பாய். டயர் லிவர் என்ற பெயரில் அவர் வைத்திருக்கும் ஸ்பூனுக்கு என்னைவிட வயது அதிகம். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு, உடனே ஒட்ட மாட்டார். பீடி பற்றவைத்துக்கொள்வார். மாப்பிள்ளைக்குப் பொறுமை இருக்காது.

"ஒட்டிடலாமே பாய்?"

"காயட்டும் தம்பி. ஈரத்துல ஒட்டினா கன்னங்குறிச்சி தாண்டறதுக்குள்ள பேட்ச் தனியா வந்துரும்."

விரலில் தொட்டால் பிசுபிசுக்காத பக்குவம் வந்த பிறகுதான் பேட்ச் வைப்பார். வைத்த பிறகு லேசாகத் தட்டுவார். இந்த பீடி நேரத்தைக் கடைப்பிடித்தால் வீட்டிலேயே ஒட்டுகிற பஞ்சரும் நிற்கும் (பீடி கட்டாயமில்லை). அடுத்தபடியாக, டயரின் உள்பக்கத்தைத் துழாவாமல் புது ட்யூபைப் போடவே கூடாது. குத்திய முள் அங்கேயே அடுத்தவனுக்காகக் காத்திருக்கும். பாய் வெறும் விரலால் துழாவுவார். உங்களுக்கும் எனக்கும் அந்த விரல் கிடையாது. பழைய பனியன் துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று இழுத்தால் நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கும்.

பாய் கடையில் ஒரே ஒரு சங்கடம் வால்வு. நம் வண்டிகளில் வரும் பிரெஸ்டா வால்வு ஒல்லி. அவர் பம்பின் வாய் அதைக் கவ்வாது. சுண்டு விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறது. திருகி மாட்டினால் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும், எந்தக் காற்றுக்கடையிலும் அடிக்கலாம். மொத்தச் சவாரியும் நடுக்காட்டில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதில் இந்தப் பொடிச் சாமானுக்கு நிகரில்லை. இரண்டு வாங்குங்கள். ஒன்று தொலையும்.

அடுத்து செயின். எண்ணெய் விஷயத்தில் நம் மக்களுக்குத் தாராள மனசு. தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு, பைக் மெக்கானிக்கிடம் கழிவு ஆயில் வாங்கி அபிஷேகம் செய்கிறவர்கள் உண்டு. சேலத்துச் செம்மண்ணோடு இன்ஜின் ஆயில் சேர்ந்தால் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட்டைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. செயினுக்கு எண்ணெய் தேவைப்படும் இடம் உள்ளே, ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் பின்னுக்கும் நடுவில். உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு துணியால் வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிட வேண்டும். வெளியே பளபளக்கும் எண்ணெயால் செயினுக்கு நன்மை இல்லை, மண்ணுக்குத்தான்.

துரு நீக்க அடிக்கும் ஸ்பிரேயைச் செயின் எண்ணெய் என்று நினைப்பது இன்னொரு பழக்கம். நீலமும் மஞ்சளுமான அந்த டப்பி, டபிள்யூ.டி.-40, ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 40-ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். செயினைக் கழுவ அது நல்ல பொருள். கழுவியதோடு அதன் வேலை முடிந்தது, எண்ணெயைத் தனியாக விட வேண்டும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி விற்கிறார்கள். என் மகளின் ஸ்கேலே போதும். செயினில் ஒரு அகலக் கண்ணியும் ஒரு ஒடுக்கக் கண்ணியும் சேர்ந்தால் சரியாக ஒரு இஞ்ச். பத்து ஜோடியை அளந்தால் புதுச் செயின் 25.4 சென்டிமீட்டர் காட்டும். 25.5-ஐத் தாண்டிவிட்டால் 11, 12 கியர் வண்டிக்காரர்கள் மாற்றிவிட வேண்டும். 25.6-ஐத் தொட்டுவிட்டால் எந்த வண்டிக்காரரும் யோசிக்கக் கூடாது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் அது உட்காரும் துளையும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் இடைவெளி விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர், பின்னாலுள்ள விலை உயர்ந்த பல்சக்கரக் கொத்தை, அதாவது கேஸட்டை, தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பல்லில் உட்காராமல் எகிறும். செயினுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பவர் கேஸட்டுக்கு அழுவார். என் மகள் இப்போது ஜாமெட்ரி பாக்ஸைப் பூட்டி வைக்கிறாள். கேஸட்டின் இடுக்கைத் தேய்க்கப் பழைய டூத் பிரஷ்ஷைவிடத் தோதான சாமான் இல்லை என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அன்றிலிருந்து மாமியாரின் பிரஷ் பீரோவில் இருக்கிறது.

கழுவுவது என்றால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பாக்கெட் ஷாம்பு, அந்த பிரஷ். இவ்வளவே. லாரிக்கும் ஆட்டோவுக்கும் அடிக்கிற வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்தினால் சேற்றோடு சேர்த்து ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் பேரிங்குகளில் இருக்கும் கிரீஸும் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் தண்ணீர் குடியேறும். மாப்பிள்ளை அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினே ஒன்று வாங்கிவிட்டான். அதைக் கொண்டு அவன் அப்பா மொட்டைமாடிப் பாசியைச் சுத்தம் செய்கிறார். நல்ல முதலீடுதான்.

பிரேக்குக்கு வருவோம். சிரிக்கக் கூடாத இடம் இது. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து கீழே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். வண்டியும் ஆளுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு உயரம் இறங்குவதில் வெளிப்படும் சக்தி மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இரண்டு இரும்புத் தட்டுகள் தாங்கியாக வேண்டும். மலை சைக்கிளே இந்தச் சூட்டில் பிறந்ததுதான். கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் பழைய கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலே போய், மண்பாதையில் உருண்டு இறங்குவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்; கீழே வருவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி என்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான் பிறகு சொந்தமாக ஃபிரேம் கட்டி, கடை போட்டு, என் மைத்துனனைப் போன்றவர்களின் சம்பளம் கரைய வழி செய்தார்கள்.

இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது நல்லபிள்ளைப் பழக்கம் என்று தோன்றும். அதுதான் கெடுதல், தட்டுக்கு ஆறவே நேரம் கிடைக்காது. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு முழுசாக விட்டுவிட வேண்டும். ஆயில் பிரேக் என்றால் என்ன ஆயில் என்று பார்த்து ஊற்றுங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். டாட் என்று எழுதிய கார் பிரேக் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கீச்சென்று எது கத்தினாலும் அவருக்குப் பொறுக்காது. தெருவில் இருக்கிற கேட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விடுவதை ஒரு தொண்டாகவே செய்துவருகிறார். மழைநாளில் என் டிஸ்க் பிரேக் கத்தியதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் மாலை நான் வருவதற்குள், இரண்டு தட்டுக்கும் இரண்டு பக்கமும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, துணியால் சீராகத் தடவியும் விட்டிருந்தார்.

"இனிமே சத்தமே வராது பாருங்க, தம்பி."

வரவில்லை. கேட்டுக்குள்ளேயே லிவரைப் பிடித்துப் பார்த்தேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் துளசி மாடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளையாக அது காங்கிரீட் மாடம்.

டிஸ்க் தட்டில் எண்ணெய் பட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம், மருந்துக்கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் குடித்ததுதான். உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் காட்டுவது என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். புதுசு போடுவதே புத்தி. புதுப் பேட் போட்டதும் நேராக மலைக்குப் போய்விடக் கூடாது. ஆளில்லாத ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகம் பிடித்து, பிரேக்கை இறுக்கி நிற்கப்போகிற வேகத்துக்கு வந்து, முழுசாக நிற்காமல் மறுபடி கிளம்ப வேண்டும். இப்படி முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. பேட் தட்டில் படிந்து பிடி வரும். எங்கள் தெருவில் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது ஐயா திண்ணையில் இருந்து ரொம்ப நேரம் கவனித்துவிட்டு எழுந்து வந்தார். "பயப்படாதீங்க தம்பி. கீழ பாக்காம நேரா பாத்து ஓட்டுங்க, தானா பேலன்ஸ் வந்துரும்."

ஃபோர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று ஃபோர்க் என்றால் அதற்கென்று உள்ள சின்ன பம்பால் மட்டும் அடியுங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் 100 மில்லிமீட்டர் ஃபோர்க் 20, 25 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் நீங்கள் சும்மா கனத்தைச் சுமந்துகொண்டு போகிறீர்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்குழாயைக் கழற்றி ஆயில் மாற்ற வேண்டும் என்று பல கம்பெனிக் கையேடுகள் சொல்கின்றன. கடையில் கொடுத்தால் வண்டி திரும்பி வரும்வரை சுவாசப் பயிற்சி செய்யலாம்.

மாப்பிள்ளையின் வண்டிக்கு ஸ்டாண்டு இல்லாததால் அதைச் சுவரில் சாய்ப்பான். பூனை உரசினாலும் வலது பக்கமாக விழும். வலது பக்கத்தில்தான் ஆர்.டி. என்கிற பின் கியர் மாற்றி இருக்கிறது. அதை ஃபிரேமோடு இணைக்கும் ஒரு அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். அடி விழுந்தால் ஃபிரேம் தப்பட்டும், ஆர்.டி. தப்பட்டும் என்று தான் வளைவதற்காகவே செய்த துண்டு. வளைந்தபின் கியர் எகிறும். எகிறியதும் மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எச், எல் என்று எழுதிய திருகுகளைத் திருக ஆரம்பித்துவிடுவான். அதற்கு முன் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாலே தெரியும், ஆர்.டி.யின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கும் பல்லுக்கு நேர் கீழே தொங்க வேண்டும். கோணலாகத் தொங்கினால் எந்தத் திருகும் காப்பாற்றாது, ஹேங்கரைத்தான் நிமிர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மாற்று ஹேங்கர் தேடுவது வரன் பார்க்கிற மாதிரி. கம்பெனி, மாடல், வருஷம் எல்லாம் பொருந்தி, கடைசியில் ஒரு துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்து சம்பந்தம் முறிந்துபோகும். இந்தத் தொல்லை தாங்காமல் ஸ்ராம் கம்பெனி 2019-ல் எல்லா ஃபிரேமுக்கும் பொதுவாக ஒரு வடிவம் கொண்டுவந்தது. பல கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டன. உங்கள் வண்டி அந்த ஜாதி இல்லை என்றால், வண்டி வாங்குகிற அன்றே ஒரு ஹேங்கர் சேர்த்து வாங்கி சீட்டுக்கு அடியில் கட்டிவையுங்கள். கீழே படுக்கவைத்தால் எப்போதும் இடது பக்கம் கீழே.

மாப்பிள்ளைக்கு இப்போது எடைப் பைத்தியம். ஸ்டீல் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு டைட்டானியம் போல்ட்டு போட்டிருக்கிறான். கணக்குப் பார்த்ததில் மொத்தம் 60 கிராம் மிச்சம். அதைக் கொண்டாட அன்று மாலை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய் ஆளுக்கு மூன்று தட்டுவடை செட் சாப்பிட்டோம். ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டி எடுத்து மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோய் அலுமினியம் உருக்கிய காலம் உண்டு. இப்போது நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலுமினியத்தை மலைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதில் 60 கிராம் குறைந்தால் மலைக்குத்தான் நஷ்டம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு ஏரியைத் தாண்டி 32 கிலோமீட்டர் சுற்றி வரும் லூப் ரோடு இருக்கிறது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிழலாகப் போகும். எஸ்டேட் மண்பாதைகளில் இறங்க ஆசை வரும். கேட்டில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம். விடிகாலையில் காட்டெருமை ரோட்டில் நிற்கும். பெல் அடிக்கக் கூடாது. அது நகர்கிற வரைக்கும் நமக்கும் ஓய்வு.

சென்ற மாதம் மாப்பிள்ளை கம்பியில்லா எலக்ட்ரானிக் கியர் மாட்டினான். பட்டனைத் தொட்டால் ஆர்.டி. தானாக நகரும், அதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. விடிகாலையில் கிளம்ப வேண்டும் என்று முந்தின இரவு எங்கள் வீட்டில் தங்கினான். அடிவாரம் போய்ச் சேர்ந்ததும் பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தான். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது எங்கள் வீட்டு ஹாலில் சார்ஜரில் பச்சை விளக்கோடு இருந்தது. பேட்டரி இல்லாத ஆர்.டி. எந்தப் பல்லில் நின்றதோ அந்தப் பல்லிலேயே நிற்கும். முந்தின நாள் கழுவிவிட்டு வைத்ததால் அது 10 பல்லில் நின்றிருந்தது. எதிரே 20 வளைவு.

அக்காவுக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் என் மனைவி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். தலையில் துண்டு, கையில் பேட்டரி.

"இந்தாடா. அந்தப் பாலு வண்டி அண்ணன் சாதா சைக்கிள்ல கேனைக் கட்டிட்டுப் போயிட்டிருக்காரு. அவரு என்ன சார்ஜ் போட்டுட்டா வந்தாரு?"

மாப்பிள்ளை பேசாமல் பேட்டரியை மாட்டினான். ஆர்.டி. உயிர் வந்து சிணுங்கியது. நாங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் ஸ்கூட்டரைத் திருப்பாமல் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, மேல போறதுதான் போறீங்க. வரும்போது காப்பித்தூள் ஒரு கிலோ, மிளகு அரைக் கிலோ, சவ்சவ் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துருங்க. பட்டர் ஃப்ரூட் நல்லா இருந்தா அதுவும் நாலு."

"அக்கா, இதுல கேரியர் கிடையாதுக்கா."

"கேரியர் எதுக்கு? அதான் ரெண்டு பேரும் முதுகுல தண்ணிப் பை மாட்டியிருக்கீங்கல்ல. மேல போறதுக்குள்ள குடிச்சிருவீங்க. காலியாத்தானே இருக்கும்?"